வேண்டாம் என்பதன் விலை

சென்ற கல்வியாண்டில் ஒரு குறுவள மையக் கூட்டம். மதிய உணவுக்குப் பிறகு, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பயிற்சித்தாள் தயாரிப்பது பற்றிப் பேச்சு வந்தது. ஆளுக்கொரு அலைபேசியைக் கையில் எடுத்தோம். எனக்கு அடுத்த இருக்கையில் இருந்த அறிவியல் ஆசிரியை மட்டும் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். “குடத்தோட வரிசையில நிக்கிற அம்மாக்களோட பிள்ளைங்களுக்குத்தான் சார் நாம பாடம் நடத்துறோம். தண்ணியக் குடிக்கிற மெஷினைத் தொடுறதில்லன்னு வச்சிருக்கேன்” என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். “டீச்சர், நீங்க கட்டியிருக்கிற காட்டன் சேலை எத்தனை குடம் தண்ணி குடிச்சிருக்கும் தெரியுமா?” என்று கேட்டுவிட்டேன். அறை சிரித்தது. அவர் பதில் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, பயிற்சித்தாளைக் கையால் எழுதத் தொடங்கினார்.

மாலையில் திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பேருந்தில் வரும்போது அந்தக் கேள்வி எனக்கே உறுத்தியது. கேள்வி போல இருந்ததே தவிர, ஒருவர் வாயை அடைப்பதற்காகச் சொன்ன சொல் அது. எல்லாவற்றிலும் சுத்தமாக இல்லாதவர் எதையும் மறுக்கக் கூடாது என்பது அதன் உட்பொருள். அப்படிப் பார்த்தால் பிளாஸ்டிக் பையை மறுப்பவரிடம் அவருடைய பெட்ரோல் வண்டியைக் காட்டலாம்; வண்டியை விட்டு நடப்பவரிடம் அவர் காலில் உள்ள செருப்பைக் காட்டலாம். கடைசியில் யாரும் எதையும் மறுக்க முடியாது. ஆனால் சேலையையும் அந்தக் கருவியையும் ஒப்பிட்டதே தவறு என்றும் எனக்குத் தோன்றவில்லை. சிரிப்பதற்காக இல்லாமல் ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன கிடைக்கும்?

சமூக அறிவியல் ஆசிரியன் என்பதால் இதை ஒன்பதாம் வகுப்பில் மூன்று பாடவேளைகளுக்கு எடுத்துச் சென்றேன். நுகர்வோர் பாதுகாப்பையும் விடுதலைப் போராட்டத்தையும் சேர்த்து நடத்த இது வசதியாகவும் இருந்தது. நடந்தது எல்லாம் நான் நினைத்தபடி இல்லை.

வீட்டிலிருந்து வந்த ‘வேண்டாம்’கள்

முதல் நாள் வீட்டுப்பாடம் ஒரே ஒரு கேள்விதான். ‘உங்கள் வீட்டில் எதையாவது வேண்டாம் என்று வாங்காமல் நிறுத்தியிருக்கிறார்களா? ஏன்?’ பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

தாள்கள் வந்தன. ஒரு தாத்தா 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டுக் குளிர்பானம் குடிப்பதில்லை. ஓர் அத்தை, உறவினர் ஒருவர் ஆலை விபத்தில் போனபின் தீபாவளிக்கு வெடி வாங்குவதில்லை. ஒரு வீட்டில் அப்பா கடன் வாங்கி எதையும் வாங்குவதில்லை. பலர் பிளாஸ்டிக் பையை எழுதியிருந்தார்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டு அதை அத்துடன் விட்டேன். சட்டமும் மாற்றுப் பொருளும் இருக்கும் இடத்தில் தனிமனிதர் அதிகம் குழம்ப வேண்டியதில்லை.

ஒரு தாளை மட்டும் நான் உரக்கப் படிக்கவில்லை. ‘எங்க தெருக்காரங்க அந்தக் கடைல டீ குடிக்க மாட்டாங்க’ என்று எழுதியிருந்தது. காரணம் எழுதவில்லை, எழுத வேண்டிய தேவையும் இல்லை. நம் பகுதியில் வேலை செய்த ஆசிரியர் எவருக்கும் அது புரியும். வாங்க மறுப்பது என்றாலே நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டு பாடம் தொடங்கியவனுக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. மறுப்பு ஒரு கருவி. யார் மேல் அது விழுகிறது என்று பார்க்காமல் அதைப் புகழ முடியாது.

குடத்தால் அளந்த கணக்கு

இரண்டாம் நாள் கணக்குப் போட்டோம். ஒரு பருத்திச் சட்டைக்கு உலகச் சராசரியாக சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. எங்கள் ஊர் பிளாஸ்டிக் குடத்தை 15 லிட்டர் என்று வைத்தால் 180 குடம். இன்னொரு பக்கம், கூகுள் நிறுவனம் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட கணக்கு: தன் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுத்தில் கேட்கப்படும் ஒரு நடுத்தரமான கேள்விக்கு 0.24 வாட்-மணி மின்சாரமும் 0.26 மில்லிலிட்டர் தண்ணீரும் செலவாகின்றன. ஒரு குடத்துத் தண்ணீரில் 57,000 கேள்விக்கு மேல் கேட்கலாம். மின்சாரத்தை 9 வாட் எல்.இ.டி. விளக்கோடு ஒப்பிட்டால் ஒரு கேள்விக்கு விளக்கு 96 நொடி எரியும்.

வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. “அப்போ அந்த டீச்சர் சொன்னது தப்பா சார்?” என்றான் ஒருவன். கூட்டத்தில் நடந்ததைப் பெயர் சொல்லாமல் முதல் நாளே சொல்லியிருந்தேன். கூட்டத்தில் வென்றவனாக எனக்கு ஒரு நொடி மகிழ்ச்சி. அது நீடிக்கவில்லை.

கடைசி வரிசையில் இருந்த மாணவன் எழுந்தான். கரிசலில் பருத்தி போடும் வீட்டுப் பிள்ளை. “சார், எங்க பருத்திக்கு யாரும் தண்ணி பாய்ச்சல. மழை பேஞ்சாத்தான் உண்டு. அது யாரு குடத்துத் தண்ணி?” என்றான்.

சரியான இடத்தில் கை வைத்தான். அந்த 2,700 லிட்டரில் மழையாகப் பெய்து மண்ணில் இறங்கிய நீரும், ஆற்றிலோ கிணற்றிலோ எடுத்துப் பாய்ச்சிய நீரும் சேர்ந்தே இருக்கின்றன. மானாவாரிக் கரிசல் பருத்தி தன் மேல் விழுந்த மழையைத்தான் குடிக்கிறது. இறைவைப் பாசனத்தில் விளைந்த பருத்தி அப்படி இல்லை. லிட்டரை எண்ணுவதைவிட, எந்த ஊரில் எவர் வாயிலிருந்து அது எடுக்கப்பட்டது என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

அந்த நிறுவனக் கணக்கிலும் ஓட்டைகள் உண்டு. அது நிறுவனமே எடுத்த அளவு. எழுத்துக் கேள்விக்கு மட்டுமானது. படமோ காணொளியோ உருவாக்கினால் செலவு வேறு. அந்தக் கருவியைப் பழக்குவதற்கு முன்பே ஆன செலவு அதில் இல்லை. மின்சாரம் தயாரிக்க மின் நிலையத்தில் ஆகும் தண்ணீரும் இல்லை. ஒரு கேள்வி சிறியது, கேள்விகள் கோடிக்கணக்கானவை. உலகத் தரவு மையங்கள் அனைத்தும் சேர்ந்து 2024இல் ஏறத்தாழ 415 டெராவாட்-மணி, அதாவது உலக மின் நுகர்வில் சுமார் ஒன்றரை விழுக்காடு எடுத்துக்கொண்டன என்றும், 2030இல் அது 945 ஆகலாம் என்றும் சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிடுகிறது. செயற்கை நுண்ணறிவு அதில் ஒரு பகுதிதான். ஆனால் வேகமாக வளரும் பகுதி.

தரவு மையம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். வானத்தில் என்று சிலர் நினைத்திருந்தார்கள். ‘கிளவுடு’ என்ற சொல் செய்த வேலை அது. சென்னையில் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இருக்கிறது என்று சொன்னேன். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோன அதே சென்னை. அதன் பிறகு தண்ணீரைப் பற்றி நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கு முன்மாதிரி நம் பக்கத்திலேயே உண்டு. கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று வழக்கு வந்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்து, 2017 மார்ச்சில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே மார்ச் 1 முதல் அந்தக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் அறிவித்தன. அந்தத் தாத்தாவின் ‘வேண்டாம்’ அங்கிருந்து வந்தது. அவர் ஒருவர் குடிக்காததால் ஆற்றில் ஒரு சாண் தண்ணீர் கூடவில்லை. ஆனால் ஆலைக்கு எவ்வளவு, வயலுக்கு எவ்வளவு, யார் முடிவு செய்வது என்று ஊர் பேசத் தொடங்கியது. அருப்புக்கோட்டைக்கும் தாமிரபரணிக் குடிநீர் வருகிறது என்பதால் பிள்ளைகள் இதை உன்னிப்பாகக் கேட்டார்கள்.

குளிர்பானத்தை மறுத்தவருக்கு மாற்று கையருகே இருந்தது. 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளி மார்க் நம் மாவட்டத்துச் சரக்குதானே. ஏ.ஐ.யை மறுப்பவருக்கு அப்படி அடுத்த புட்டி கிடையாது. பெரும்பாலும் அவர் தன் நேரத்தையும் தன் மண்டையையும்தான் மாற்றாக வைக்க வேண்டியிருக்கிறது. இதை அன்று போகிற போக்கில் சொன்னேன். இந்தப் பாடத்தின் நடு நரம்பு அதுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

தறிக்காரர் வீட்டுக் கேள்வி

மூன்றாம் நாள் கைத்தறிக்கு வந்தோம். அருப்புக்கோட்டையில் நெசவைத் தொடாமல் எந்தப் பொருளாதாரப் பாடமும் நடத்த முடியாது. நான் கோ-ஆப்டெக்ஸில் தவணையில் துணி எடுப்பவன். 1935இல் நெசவாளர் கூட்டுறவாகத் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு தறியில் உட்கார்ந்த கைக்குப் போகிறது என்ற நம்பிக்கையில் எடுக்கிறேன். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985இல் மத்திய அரசு சட்டம் செய்தது. முதலில் 22 ரகங்கள், இப்போது 11. வாடிக்கையாளரின் நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“எங்க அப்பா பவர்லூம்ல ஓட்டுறாரு சார். எல்லாரும் கைத்தறி வாங்கினா எங்களுக்கு?” என்றான் நடு பெஞ்சில் ஒருவன். அவனுடைய தாத்தா கைத்தறி நெய்தவராம்.

ஒரே வீட்டில் இரண்டு தலைமுறை, இரண்டு தறி. எந்தத் துணியை மறுத்தால் யாருக்கு நியாயம்? நான் நேர்மையாகச் சொன்னேன்: “எனக்கு முழுப் பதில் தெரியலப்பா.” ஆனால் அந்தக் கேள்வியிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டோம். ஒன்றை மறுக்கும்போது யாருக்கு அது போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறோம், அந்த ஆள் உண்மையில் இருக்கிறாரா? கைத்தறிக்கு இருக்கிறார். ஏ.ஐ.க்கு?

இங்கே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆண்டு விழா அழைப்பிதழுக்கு ஒரு படம் தேவைப்பட்டது. வழக்கமாக அச்சகத்தில் இருக்கும் வடிவமைப்பாளர்தான் போட்டுத் தருவார், அதற்குத் தனியாக ஒரு தொகை வாங்குவார். அந்த முறை அலைபேசியில் நானே இரண்டு நிமிடத்தில் உருவாக்கிக் கொண்டுபோனேன். அவர் பார்த்துவிட்டு, “படத்தையும் நீங்களே போட்டுட்டீங்களா சார்? நல்லாத்தான் இருக்கு” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஃப்ளெக்ஸ் வந்தபோது சுவர் எழுத்து ஓவியர்கள் எங்கே போனார்கள் என்று கேட்காத தலைமுறை நாம். கோவில்பட்டியில் இருந்து கொண்டையராஜு வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி நம் வீட்டுச் சுவர்களில் நாள்காட்டியாகத் தொங்கிய காலம் ஒன்று இருந்தது. ஒரு கைக்குக் கூலி கிடைத்த படம் அது. நான் போட்ட படத்தில் யார் யாருடைய கை கலந்திருக்கிறது, அவர்களில் யாருக்குக் கூலி போயிற்று என்று எனக்குத் தெரியாது.

அதே வாரம் ஏழாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கில் 40 வெவ்வேறு பயிற்சிகளை அதே கருவியில் எடுத்தேன். அதனால் யாருடைய கூலியும் குறையவில்லை. அந்த வேலையை வழக்கமாக நள்ளிரவில் நான்தான் செய்வேன். ஆகவே ‘ஏ.ஐ. வேண்டாம்’ என்பதும் ‘ஏ.ஐ. வேண்டும்’ என்பதும் ‘துணி வேண்டாம்’ என்பதுபோல் பொத்தாம்பொதுவான பேச்சு. அழைப்பிதழ்ப் படம் வேறு, பின்னக் கணக்கு வேறு.

வெடி வேண்டாம் என்ற உறுதிமொழி

நம் மாவட்டத்தில் எந்த நுகர்வு அறம் பேசினாலும் சிவகாசி வந்துவிடும். முன்பு ஒரு முறை காலை வணக்கக் கூட்டத்தில் வெடி வெடிக்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுக்க வைத்தோம். இரண்டு பிள்ளைகள் கையை நீட்டவில்லை. அவர்களின் அம்மாக்கள் வெடி ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். உறுதிமொழியை எழுதிக் கொடுத்தவன் நான்.

தீப்பெட்டி, வெடித் தொழிலில் குழந்தைகள் வேலை செய்த காலத்தில் அதை வாங்காதீர்கள் என்ற குரல் நியாயமானதுதான். ஆனால் குழந்தைகளை அங்கிருந்து வெளியே கொண்டுவந்தது வாங்காதவர்கள் மட்டும் இல்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்று சொன்னது, சிறப்புப் பள்ளிகள், சத்துணவு, வீடு வீடாகப் போன நம் ஆசிரியர்கள். இவையெல்லாம் சேர்ந்துதான். வாங்காமல் மட்டும் இருந்திருந்தால் அந்த அம்மாவின் கூலியும் போயிருக்கும்.

செயற்கை நுண்ணறிவுக்குப் பின்னாலும் இப்படிக் கூலிக்காரர்கள் உண்டு என்றதும் பிள்ளைகள் நம்பவில்லை. சாட்ஜிபிடி ஆபாசமும் வன்முறையும் பேசாமல் இருக்க, அப்படிப்பட்ட எழுத்துகளைப் படித்துப் பிரித்துக் கொடுத்த கென்யத் தொழிலாளர்களுக்கு மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவாகவே கிடைத்தது என்று டைம் இதழ் 2023 ஜனவரியில் எழுதியது. நம் நாட்டுச் சிறு நகரங்களிலும் படங்களுக்குக் குறிப்புப் போடும் வேலை நடக்கிறது; ஊரை விட்டுப் போக முடியாத பட்டதாரிப் பெண்ணுக்கு அது நல்ல வேலையாகவும் இருக்கலாம். மறுப்பதா, நல்ல கூலி கேட்பதா? வெடி ஆலையில் கற்ற பாடத்தைத்தான் இங்கேயும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மேலமாசி வீதி, 1921

காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் அரையாடைக்கு மாறியதை எல்லா வகுப்பிலும் நடத்துகிறோம். ஏழைகள் மேல் இரக்கம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். இந்தப் பாடத்துக்காகத் திரும்பப் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் ரயிலில், அந்நியத் துணி உடுத்தியிருந்தவர்களிடம் கதர் உடுத்தச் சொன்னார். கதர் வாங்க எங்களிடம் காசு இல்லை என்றார்கள். அந்நியத் துணியை விடுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிவந்தவருக்கு அப்போது ஒன்று தெரிந்தது: வேண்டாம் என்பதற்கும் விலை உண்டு, அந்த விலை எல்லோருக்கும் ஒன்று இல்லை. வசதி உள்ளவர் ஒரு துணியை எரித்துவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொள்வார். இல்லாதவர் எரித்தால் அம்மணம். அவர் தன் கொள்கையை விடவில்லை. அந்த ஏழைகளைக் குறை சொல்லவும் இல்லை. விலையைத் தன் உடம்பிலிருந்து கழித்துக்கொண்டார். தன் தோழர்கள் எல்லோரும் அப்படியே உடுத்த வேண்டும் என்று கேட்கவும் இல்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் கண் முதல் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை மேல் போயிற்று. திருச்சுழிக்கு அப்பால் ஒரு கிராமம். அம்மா சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலைக்குப் போகிறார். வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் இல்லை. இரவில் அண்ணனின் அலைபேசியில் அந்தக் கருவியிடம் அறிவியல் பாடத்தைத் தமிழில் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொள்கிறாள். ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் அது சலித்துக்கொள்வதில்லையாம். நகரத்தில் தனிப்பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு ஏ.ஐ.யை விடுவது சுலபம். இவளை விடச் சொன்னால், மறுப்பின் முழு விலையையும் இவள் கொடுப்பாள். நல்ல பெயர் எனக்கு வரும்.

அதற்காக அப்படியே விட்டுவிடவும் முடியவில்லை. ‘எங்கள் ஊர்க் கண்மாய்’ என்று கட்டுரை கொடுத்திருந்தேன். அவள் எழுதி வந்ததில் தாமரை பூத்திருந்தது, அன்னங்கள் நீந்தின, மாலையில் மீனவர்கள் படகு செலுத்தினார்கள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அவள் ஊர்க் கண்மாயில் பாதி கருவேல மரம், மீதியில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். “ஏம்மா, இந்தப் படகு யாருது?” என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி எழுதச் சொன்னேன். இம்முறை மடையை யார் திறப்பது என்று வந்த சண்டை, வற்றும் காலத்தில் ஊரே இறங்கி மீன் பிடிப்பது, தூர் வாரியபோது கிடைத்த பானை ஓட்டை ஆயா கொண்டுவந்து கோழிக்குத் தண்ணீர் வைத்தது எல்லாம் இருந்தன. பிழைகள் பதினேழு. நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

தண்ணீர்க் கணக்கும் கூலிக் கணக்கும் இங்கே வருவதில்லை. பிளாஸ்டிக்கை நான் ஒருவன் விட்டால் கண்மாய் சுத்தமாகாது. ஊர் விட வேண்டும். வெடியை நான் விட்டால் ஆலை மாறாது. சட்டம் மாற வேண்டும். ஆனால் கட்டுரையைத் தானே எழுதுவது என்று ஒரு பிள்ளை முடிவு செய்தால், வேறு யாரும் சேராவிட்டாலும் பலன் முழுதாக அவளுக்குக் கிடைக்கிறது. பழைய கதையும் ஒன்று உண்டு. கோனார் உரை இல்லாமல் தேறியவர் நம்மில் எத்தனை பேர்? புரியாத செய்யுளுக்கு அதைத் திறந்தவரும் இருந்தார், திறந்ததை அப்படியே விடைத்தாளில் இறக்கியவரும் இருந்தார். நமக்கு வித்தியாசம் தெரியும், திருத்துபவருக்கும் தெரியும்.

இன்னொன்றையும் அந்த வகுப்பில் சொன்னேன். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், இலவசமாகவே ஏற்றவும் முன்வந்தது என்று படிக்கிறோம். 2025இல் ஜியோ, ஏர்டெல் எண் வைத்திருந்தவர்களுக்கு ஏ.ஐ. சந்தா மாதக்கணக்கில் இலவசமாக வந்தது; ஓப்பன்ஏஐ நிறுவனமும் இந்தியாவில் ஓராண்டு இலவசம் என்றது. இலவசம் முடியும் நாளில் கரிமூட்டக் கூலியில் அந்தச் சந்தா கட்ட முடியுமா? அதற்குள் அவளுக்குத் தானாகப் படிக்க வந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

பிறகு

அடுத்த கூட்டத்தில் அந்த ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டேன். கரிசல் பருத்திக் கணக்கையும் சொன்னேன். சிரித்தார். “தண்ணி கொஞ்சமோ நிறையவோ, யாருதுன்னு கேக்கணும்ல சார்” என்றார். பிறகு, “அது மட்டும் இல்ல. பிள்ளைங்க நோட்டுல நான் எழுதுற ஒரு வரி, நான் எழுதினதா இருக்கணும். அந்தப் பிள்ளைய மனசுல வச்சு எழுதினதா இருக்கணும்” என்றார். அவர் பயிற்சித்தாள்களை இன்னும் கையால்தான் எழுதுகிறார். மற்றவர்களை அவர் எதுவும் சொல்வதில்லை.

நான் பின்னக் கணக்குகளை இப்போதும் கருவியில்தான் எடுக்கிறேன். அழைப்பிதழ்ப் படத்தை அச்சகத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நோட்டுகளில் என் கையெழுத்து மட்டும். மற்றவை இன்னும் தீரவில்லை.

தீராததற்குக் காரணம் அந்தக் கண்மாய்க் கட்டுரைக்காரிதான். மூன்றாம் பாடவேளை முடிந்து மணி அடித்தபின் மேசையருகே வந்து நின்றாள். “சார், ஒண்ணு கேக்கவா? நான் கட்டுரையை அதுல எழுதக் கூடாது. நீங்க மட்டும் பாடக்குறிப்பை அதுல எழுதலாமா?”

ஆய்வகக் கணினியில் திறந்தபடி விட்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். பாடக்குறிப்பு வெறும் அலுவலகத் தாள், கட்டுரை கற்றல் என்று விளக்கம் சொல்ல வாய் எடுத்தேன். மேலமாசி வீதியைச் சொல்லி முடித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. “அடுத்த வாரம் சொல்றேம்மா” என்றேன்.

இன்று ஞாயிறு. திங்கட்கிழமைக்கான பாடக்குறிப்பைக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு பக்கம் ஆகியிருக்கிறது. இந்தப் பாடத்தில் அந்தப் பிள்ளைக்கு எந்த இடம் புரியாமல் போகும் என்று யோசித்ததில் மட்டும் கால் மணி நேரம் போய்விட்டது.